கதைப் போட்டிக்கு அனுப்பும் முன்: அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு

ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒரு ஜூனியர் கேட்டுவிடுகிறார்: "அண்ணா, இங்க யுனிவர்சிட்டியில கதைப் போட்டி நடக்குதாமே, நம்ம மாதிரி ஆளுங்க அனுப்பலாமா?" அனுப்பலாம். நான் மெக்கானிக்கல் பிஎச்டி செய்ய வந்தவன். மூன்று வருஷம் தொடர்ந்து அனுப்பினேன். முதல் வருஷம் நான் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாம் வருஷம் என் பெயரை நானே காட்டிக்கொடுத்து வெளியேறினேன். மூன்றாம் வருஷம் 600 டாலர் பரிசு கிடைத்தது. கைக்கு வந்தது 420.

முதல் இரண்டு தோல்விக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கதைகளை யாரும் படிக்கவே இல்லை. அதனால் நல்ல கதை எழுதுவது எப்படி என்ற பேச்சை விட்டுவிடுவோம். எழுதிய கதை தகுதியிழக்காமல் நடுவர் கைக்குப் போவது, பரிசு வந்தால் அதைச் சேதாரம் குறைவாக வாங்குவது, இந்த இரண்டுக்குத்தான் இந்தக் கட்டுரை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. உங்களுக்கு உரிய பரிசு எது என்று பாருங்கள்

"அதெல்லாம் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் பசங்களுக்கு" என்று நினைத்துக்கொண்டு பலர் தேடுவதே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹாப்வுட் பரிசுகள் புகழ்பெற்றவை. நாடக ஆசிரியர் ஏவரி ஹாப்வுட் தன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கை எழுதிவைத்துப் போனதில் நடப்பவை. கதை, கவிதை, கட்டுரை, நாடகம் என்று பிரிவுகள் உண்டு. முதுநிலைக்குத் தனி, இளநிலைக்குத் தனி. எம்ஐடியில் இலோனா கார்மெல் பரிசுகள் இருக்கின்றன. அங்கே போட்டியிடுபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல சமன்பாடு எழுதுகிறவர்கள்தான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீன் பரிசு 50,000 டாலருக்குப் பேர்போனது. மேரிலாண்டில் வாஷிங்டன் கல்லூரி என்ற சின்னக் கல்லூரியில் சோஃபி கெர் பரிசு, இறுதியாண்டு இளநிலை மாணவர் ஒருவருக்குப் பல்லாயிரம் டாலர் தருகிறது.

இவ்வளவு பெரிய பரிசு உங்கள் வளாகத்தில் இல்லையென்றாலும் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்: அமெரிக்கக் கவிஞர்கள் அகாதமி 1955-லிருந்து கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் மாணவர் கவிதைப் பரிசு. இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நடக்கிறது. தொகை 100 டாலர்தான். ஆனால் ஆளுக்கு ஆள் தெரிந்த பெயர், சிவியில் கூடுதல் விளக்கம் தேவைப்படாது.

தேடும்போது ஆங்கிலத் துறைப் பக்கத்தோடு நிற்காதீர்கள். நூலகம், ஹானர்ஸ் கல்லூரி, முதுநிலைப் படிப்பு அலுவலகம், தெற்காசிய ஆய்வு மையம், ஏன், சில விடுதிகள்கூடச் சிறு பரிசுகள் வைத்திருக்கும். எனக்குப் பரிசு கொடுத்தது நான் இரண்டு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மூலை அலுவலகம்.

தகுதி விதியில் நான்கு இடங்களில் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, முழுநேர மாணவர் என்ற நிபந்தனை. கடைசி செமஸ்டரில் மூன்று கிரெடிட் மட்டும் எடுத்து, சர்வதேச அலுவலகத்தில் குறைந்த சுமைக்கு அனுமதி வாங்கியிருப்பீர்கள். விசாவுக்கு அது செல்லும். போட்டி விதியில் முழுநேரம் என்றிருந்தால் அங்கே செல்லாமல் போகலாம். ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டிசம்பரில் பட்டம் வாங்குவது. பெரும்பாலான போட்டிகளுக்கு ஜனவரி, பிப்ரவரியில்தான் கடைசித் தேதி. படிப்பு முடிந்தபின் அதே விசாவில் வேலை பார்க்கும் அனுமதியான ஓபிடியில் இருப்பவர் மாணவர் கணக்கில் வரமாட்டார். மூன்று செமஸ்டரில் எம்எஸ் முடிக்கும் அவசரக்காரர்களுக்கு உண்மையில் ஒரே ஒரு வாய்ப்புதான், அது வந்த முதல் வருஷமே.

மூன்றாவது, படைப்பெழுத்து வகுப்பு ஒன்றில் பதிந்திருக்க வேண்டும் என்ற விதி. எல்லாப் போட்டியிலும் இல்லை, இருக்கும் இடங்களில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதுநிலை மாணவர் இந்த வகுப்பை எடுக்க உங்கள் அட்வைசர் முகம் சுளிப்பார். ஆராய்ச்சி உதவியாளராக இருந்தால் கட்டணம் உதவித்தொகையில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அடங்காவிட்டால் மூன்று கிரெடிட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வரும். 300 டாலர் பரிசுக்காக அதைச் செய்யாதீர்கள்.

நான்காவது, போட்டியே பல்கலைக்கழகத்துடையதா என்பது. பல்கலைக்கழகப் பரிசுகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளிப் பத்திரிகைகள் நடத்தும் போட்டிகளுக்கு 15, 20 டாலர் கேட்பது வழக்கம், அது தவறும் இல்லை. ஆனால் "மாணவர் பரிசு" என்ற பெயரில் மெயில் வந்து, அட்டை எண் கேட்டு, "எல்லாப் படைப்பும் தொகுப்பில் வரும், பிரதிக்கு 50 டாலர்" என்றால் அது புத்தக வியாபாரம். தள்ளிவிடுங்கள்.

2. விதிமுறையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

திரையில் படித்தால் கண் வழுக்கும். நான் வழுக்கியவன். கடைசி நாள் என்று போட்டிருந்த தேதியை மட்டும் பார்த்தேன். பக்கத்திலேயே "மதியம் 12" என்று இருந்ததைப் பார்க்கவில்லை. நம் ஊரில் கடைசித் தேதி என்றால் அந்த நாள் முழுக்க நமக்குத்தானே! ஆய்வகத்திலிருந்து வந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டு, நிதானமாக இரவு பத்து மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. நாலைந்து முறை அழுத்திப் பார்த்தேன், அப்புறம்தான் மேலே இருந்த வரி கண்ணில் பட்டது.

அச்செடுத்த தாளில் பேனாவால் வட்டம் போட வேண்டியவை: மணி, சொல் கணக்கா பக்கக் கணக்கா, இரட்டை வரி இடைவெளியா, எழுத்தளவு, எத்தனை கவிதை சேர்ந்தால் ஒரு படைப்பு, ஒரு பிரிவுக்கு எத்தனை அனுப்பலாம், முன்பு வெளியானது செல்லுமா, சென்ற ஆண்டு பரிசு பெற்றவர் மறுபடி அனுப்பலாமா.

பக்கக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. 20 பக்கம் என்றால் இரட்டை இடைவெளியில் கிட்டத்தட்ட 5,000 சொல்தான். ஒற்றை இடைவெளியில் 20 பக்கம் எழுதிவைத்தவர் கடைசி வாரத்தில் கதையைப் பாதியாக வெட்ட வேண்டியிருக்கும். விளிம்பைக் குறுக்கியும் எழுத்தைச் சிறிதாக்கியும் ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். நூறு பிரதிகளைத் திறந்து பார்க்கிறவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும்.

3. ஆவணங்களும் செலவும்

இது சின்ன வேலை. பதிவுச் சான்று, அதாவது நீங்கள் இந்த செமஸ்டர் மாணவர் என்ற கடிதம், பெரும்பாலும் மாணவர் போர்ட்டலிலேயே இலவசமாக இறங்கும். மதிப்பெண் பட்டியல் கேட்டால் அலுவல் முத்திரை இல்லாத பிரதி போதுமா என்று பாருங்கள். அது இலவசம், முத்திரையிட்டதற்குக் காசு. மாணவர் எண் வேண்டும். சில இடங்களில் ஆசிரியர் ஒருவரின் கையெழுத்தோ பரிந்துரையோ கேட்பார்கள். அப்படியிருந்தால் மூன்று வாரம் முன்பே கேளுங்கள். குளிர்கால விடுமுறையில் பேராசிரியர் பதில் போடுவார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

காகிதப் பிரதி கேட்கும் பரிசுகள் இன்னமும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கின்றன. மூன்று பிரதி, ஒவ்வொன்றும் 20 பக்கம். என் வளாக நூலகத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஆக 6 டாலர். கடைசி நாள் அன்று அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது, மனதில் வையுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு சங்கடம் நமக்கு மட்டும் வரும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கல்லூரி தரும் ஐ-20 சேர்க்கைத் தாளில் ஒரு மாதிரி, மின்னஞ்சலில் ஒரு மாதிரி. இன்ஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பின்னால் காசோலையும் வரிப் படிவமும் அந்தப் பெயரில்தான் வரும்.

4. எதை அனுப்புவது

போட்டிக்கென்று புதிதாக எழுத உட்காராதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் பெட்டியில் கிடந்த கதையை எடுங்கள். ஹாப்வுட் தன் உயிலில் புதியதும் வழக்கத்துக்கு மாறானதும் தீவிரமானதுமான எழுத்தைத்தான் முக்கியமாக ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எல்லாப் பரிசும் அப்படி இல்லை. ஆனால் பக்கத்தில் பரிசின் நோக்கம் என்று நான்கு வரி போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுக் கதையைத் தேர்ந்தெடுங்கள். இயற்கை பற்றிய கட்டுரைக்கு என்று நிறுவிய பரிசுக்கு உங்கள் ஹாஸ்டல் காதல் கதையை அனுப்புவது இரண்டு பேருக்கும் நேரவிரயம்.

தமிழில் எழுதியதை அனுப்பலாமா? இந்தப் பரிசுகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். நீங்களே தமிழில் எழுதிய கதையை நீங்களே ஆங்கிலத்தில் மறுபடி எழுதினால் அது உங்கள் படைப்பு, சிக்கல் இல்லை. அடுத்தவர் கதையை மொழிபெயர்த்தால் அது மொழிபெயர்ப்பு. அதற்கென்று தனிப் பிரிவு இருந்தால் மட்டும், மூல ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அனுப்புங்கள்.

ஆங்கிலக் கதைக்குள் வரும் தமிழ்ச் சொற்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கதையில் ஒரு சாவு வீடு வரும். சொம்பு, வாய்க்கரிசி, கோடித்துணி, பங்காளி என்று பதினோரு சொல்லுக்கு அடிக்குறிப்பு போட்டிருந்தேன். எழுத்து வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: அடிக்குறிப்பு இல்லாமலே புரிந்தது, அதைப் படித்த பிறகுதான் அருங்காட்சியகத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. பதினொன்றையும் எடுத்தேன். பாட்டி பிணத்தின் வாயில் அரிசி போடும்போது கை நடுங்குவதைக் காட்டிவிட்டால் வாய்க்கரிசிக்கு அகராதி தேவையில்லை. சாய்ந்த எழுத்தையும் எடுத்துவிட்டேன். இது என் அபிப்பிராயம், இதற்கு விதி ஒன்றும் கிடையாது.

செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது பல விதிமுறைகளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இலக்கணம் திருத்தும் கருவியும் அதில் அடங்குமா என்று சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

5. உங்கள் பெயரைச் சுத்தமாகத் துடைப்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நடுவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது. ஹாப்வுட் போன்ற போட்டிகளில் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். 1936-இல் அங்கே மாணவராக இருந்த ஆர்தர் மில்லர் 250 டாலர் பரிசு வாங்கியதும் அப்படி அனுப்பித்தான். மற்ற இடங்களில் புனைபெயர் இல்லாமல் எண் கொடுப்பார்கள். எப்படியிருந்தாலும் பிரதியில் எங்கேயும் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. இருந்தால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

நான் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தேன், கோப்பின் பெயரையும் மாற்றினேன். ஆனால் வகுப்புக்குக் கொடுத்த அதே பிரதி அது. இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும், முதல் பக்கத்துக்கு மட்டும் தலைப்பு வேண்டாம் என்று நானே அமைத்துவைத்த புண்ணியத்தில், என் குடும்பப் பெயரும் பக்க எண்ணும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பத்தொன்பது பக்கம், பத்தொன்பது முறை. விலக்கப்பட்டது என்று மெயில் வந்த பிறகுதான் திறந்து பார்த்தேன்.

பெயர் ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவை:

பக்கத் தலைப்பும் அடியும். மேலே சொன்ன கதை.

கோப்பின் பண்புகள். வேர்டில் கோப்பை உருவாக்கியவர் பெயர் தானாகப் பதிவாகிவிடும். கோப்பு மெனுவில் தகவல் பகுதிக்குப் போனால் ஆவணத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதை ஓட்டித் தனிப்பட்ட தகவலை நீக்கிவிட்டு, அதன் பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். ஆக்கிய பிடிஎஃபை நண்பரின் கணினியில் திறந்து, பண்புகளில் ஆசிரியர் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தக் குறிப்புகள். வகுப்பு நண்பர்கள் ஓரத்தில் எழுதிய கருத்துகளில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டு, கருத்துகளை அழித்துவிடுங்கள்.

கூகுள் டாக்ஸ் இணைப்பு. இணைப்பை அனுப்பவே வேண்டாம். உரிமையாளர் பெயர் கூடவே போகும். பிடிஎஃபாக இறக்கி அனுப்புங்கள்.

சமர்ப்பணமும் நன்றியும். "அம்மாவுக்கு" என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை என்பார்கள். அதுவும் வேண்டாம் என்பேன். பேராசிரியர் பெயரைச் சொல்லி நன்றி எழுதினால் நிச்சயம் சிக்கல்.

கதைக்குள்ளேயே. தன்வரலாற்றுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு இது பெரிய தலைவலி. அம்மா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வசனம் இருக்கும். மாற்றுங்கள். கன்ட்ரோல் எஃப் அழுத்தி உங்கள் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும், செல்லப் பெயர், இன்ஷியல் உட்படத் தேடுங்கள்.

புனைபெயர் வைப்பதிலும் கவனம் தேவை. இன்ஸ்டாகிராமில் வைத்திருக்கும் பெயரை வைக்காதீர்கள். ஏற்கெனவே கதை எழுதி ஊருக்குத் தெரிந்த பெயரையும் வைக்காதீர்கள். தமிழில் புகழ்பெற்ற எழுத்தாளர் பெயரை மரியாதைக்காக வைக்கும் ஆசை வரும். நடுவர் தேடிப் பார்த்துக் குழம்புவார். ஊர்ப் பெயரோடு ஏதாவது சேர்த்து வைத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருங்கள், முக்கியமாக வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம். இரண்டு பிரிவுக்கு அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே புனைபெயரா வேறு வேறா என்று விதிமுறை சொல்லும்.

6. அனுப்பும் நாள்

இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே கணக்குத் திறங்கள். படைப்புகளைப் பதிவேற்றும் சப்மிட்டபிள் போன்ற தளத்தில் ஏற்கெனவே ஜிமெயில் கணக்கு வைத்திருந்தால் அதற்குள் நுழைந்துவிட்டு, மாணவர் என்று நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். உறுதிப்படுத்தும் மெயில் வந்ததும் அதன் படத்தை எடுத்து வையுங்கள். பதிவேற்றிய கோப்பை ஒருமுறை அங்கிருந்தே இறக்கித் திறந்து பாருங்கள். என் அறைத்தோழன் ஒருவன் கதைக்குப் பதிலாகத் தன் வாடகை ஒப்பந்தத்தை ஏற்றியிருந்தான்.

7. காத்திருக்கும் மாதங்கள்

பிப்ரவரியில் அனுப்பினால் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் முடிவு வரும். பரிசளிப்பும் ஏப்ரலில், செமஸ்டர் முடிவதற்குள் நடக்கும். இடையில் விசாரித்து மெயில் போடாதீர்கள். கதையை எங்கேயும் பதிவேற்றாதீர்கள், முகநூலில்கூட. பல பத்திரிகைகள் அதையும் வெளியானதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதே கதையை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பியிருந்து அங்கே ஏற்றுக்கொண்டால் போட்டி அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும்.

8. பரிசு வந்துவிட்டது, இனி வரி

வாழ்த்து மெயிலுக்கு அடுத்த மெயில் வரிப் படிவம் கேட்டு வரும். 600 எப்படி 420 ஆனது என்று எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

எஃப்-1இல் வந்த மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக் கணக்கில் வெளிநாட்டவர்தான். 2023 ஆகஸ்டில் வந்தவருக்கு 2023 ஒரு முழு ஆண்டாகக் கணக்கு. 2027 வரை வெளிநாட்டவர். அப்படிப்பட்டவருக்குப் போட்டிப் பரிசு கொடுத்தால், கொடுப்பவர் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். சட்டம் அது, அலுவலகத்தில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் போட்டிப் பரிசுக்கு விலக்கு இல்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்: "இதை என் படிப்புக்கான உதவித்தொகையாகத் தருகிறீர்களா, பரிசாகத் தருகிறீர்களா?" இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. உதவித்தொகை என்று வகைப்படுத்தினால் எஃப்-1 மாணவருக்குப் பிடிப்பது 14 சதவீதம்தான். அதுமட்டுமில்லை, இந்திய மாணவர்களுக்கு ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவில் நிலையான கழிவு உண்டு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் ஒரு தொகை. உங்கள் மொத்த வருமானம் அந்தக் கழிவுக்குள் அடங்கிவிட்டால் பிடித்த 14-உம் திரும்பி வரும். பரிசு என்று வகைப்படுத்தினால் தனி அட்டவணையில் 30 சதவீதமாகவே நிற்கும், கழிவை அதன்மேல் போட முடியாது. எந்த வகை என்பதை முடிவு செய்வது அவர்கள்தான். மாற்றச் சொல்லி வற்புறுத்த முடியாது. முன்பே தெரிந்துகொண்டால் 600 டாலருக்குக் கேமரா வாங்கத் திட்டம் போடாமல் இருக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் நண்பர்கள் கவனிக்க: அந்த நிலையான கழிவு இந்தியா ஒப்பந்தத்தில் இருப்பது, உங்களுக்குப் பொருந்தாது.

கொடுக்க வேண்டிய தாள்கள்: பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94, ஐ-20 ஆகியவற்றின் பிரதிகள், வரிக்கு வெளிநாட்டவர் என்று சொல்லும் டபிள்யூ-8பென் படிவம், அல்லது அதற்குப் பதில் பல்கலைக்கழகம் பயன்படுத்தும் க்ளேசியர், ஸ்பிரின்டாக்ஸ் போன்ற தளத்தில் விவரம். சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால் அதையும் கேட்பார்கள். வளாக வேலை பார்த்தவர்களிடம் அது இருக்கும். வேலையே பார்க்காத மாணவருக்கு அந்த எண் கிடைக்காது. அவர் அதற்குப் பதிலாக வரி கட்டுவோர் அடையாள எண்ணுக்கு டபிள்யூ-7 படிவம் போட வேண்டும். அதற்கு அரசுக் கட்டணம் இல்லை. ஆனால் மூலப் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வெறுங்கையோடு இருக்காதீர்கள்; பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்றளிக்க அதிகாரம் பெற்ற முகவர் இருக்கிறாரா என்று சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் 15-க்குள் 1042-எஸ் என்ற தாள் வரும். எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பது அதில் இருக்கும். அதை வைத்து வெளிநாட்டவருக்கான வரிக் கணக்குப் படிவம் 1040-என்ஆரும், கூடவே 8843 என்ற படிவமும் போட வேண்டும். சம்பளம் வாங்கியவருக்கு ஏப்ரல் 15 கடைசி. சம்பளமே இல்லாதவருக்கு ஜூன் 15. நண்பர்கள் பேச்சைக் கேட்டு டர்போடாக்ஸ் என்ற வரி மென்பொருளில் உட்காராதீர்கள். அது உள்நாட்டவருக்கான 1040 போடும், 1040-என்ஆர் போடாது. தவறான படிவம் போட்டுவிட்டால் திருத்தப் படிவம் போட்டு இழுபட வேண்டும். ஆறாவது ஆண்டுக்குப் போய்விட்ட பிஎச்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நீங்கள் வரிக்கு உள்நாட்டவர், 30 சதவீதப் பிடிப்பும் இல்லை, வழக்கமான வரிதான்.

மாநில வரி தனி. டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் அதற்கும் ஒரு படிவம் உண்டு.

9. விசாவுக்கு ஆபத்தா?

பயந்துகொண்டு பரிசையே வேண்டாம் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். எழுதிய கதைக்குப் போட்டியில் வரும் பரிசு வேலைக்கான கூலி ஆகாது. ஆனால் பரிசோடு சேர்த்து, அடுத்த ஆண்டு பத்திரிகையைத் தொகுக்க வேண்டும், பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தால் அது வேலையின் பக்கம் சாய்கிறது. ஒப்புக்கொள்ளும் முன் சர்வதேச அலுவலக ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

10. காசோலையும் முகவரியும்

சில இடங்களில் பரிசுத் தொகையை மாணவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அங்கே நூலக அபராதமோ காப்பீட்டுப் பாக்கியோ இருந்தால் அது முதலில் கழியும். மற்ற இடங்களில் தபாலில் காசோலை வரும். முடிவு ஏப்ரலில், காசோலை ஜூனில். இடையே மே மாதம் லீஸ் முடிந்து எல்லோரும் வீடு மாறுகிறோம். பரிசு அறிவித்த அன்றே போர்ட்டலில் முகவரியை மாற்றுங்கள். பட்டம் வாங்கிப் போகிறவர்கள் தனிப்பட்ட மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டுப் போங்கள், 1042-எஸ் அடுத்த வருஷம்தான் வரும், அதற்குள் கல்லூரி மின்னஞ்சல் செத்திருக்கும்.

நான் மாற்றவில்லை. ஆகஸ்டில் பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். புதிதாகக் குடிவந்திருந்த தெலுங்குப் பையன் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். ஃப்ரிட்ஜ் கதவில், பீட்சா கடைக் காந்தத்துக்கு அடியில், என் 420 டாலர் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. காசோலை செல்லும் காலம் முடிய ஒன்பது நாள் பாக்கி.